காதுக்கல்

காட் மீனின் மண்டையைக்
கண்ணுக்குச் சற்றுப் பின்னால் குறுக்கே வெட்டினால்
இரண்டு கற்கள்.
அவரை விதை அளவு, சுண்ணாம்பு வெள்ளை.
ஒடித்து விளக்கின் கீழ் வைப்பேன்.
கோடைக்கு ஒரு வெளிர் வளையம்,
குளிருக்கு ஒரு கரு வளையம்.
எண்ணி எழுதுவேன்: ஏழு. ஒன்பது. ஐந்து.
பத்தொன்பது வருடமாக
ட்ரொம்சோவில் எனக்கு இதற்குத்தான் சம்பளம்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய், விடியாத காலை,
வலப்பக்கம் புரண்டு படுத்தேன்.
இரண்டு மூச்சு நேரம் ஒன்றுமில்லை.
பிறகு அறை கழன்றது.

அலமாரி ஏறியது, ஏறியது,
ஏறிக்கொண்டே இருந்தது.
மேலே மட்டும் போய்ச் சேரவில்லை.
நான் மெத்தையைப் பிடித்துக்கொண்டேன்,
மெத்தை பாவம் எதைப் பிடிக்கும்.
முப்பது எண்ணுவதற்குள் நின்றது.
அப்போதும் எண்ணினேன்.

ஓட்டர் விளக்கைப் போட்டான்.
பதினோரு வருடம் ட்ராலர் கப்பலில்
வாந்தி எடுத்துக்கொண்டே சமைத்தவன்.
ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தான்,
எதுவும் கேட்கவில்லை.

மேல் தட்டு டப்பாவை எடுக்க
அண்ணாந்தால் சுற்றியது.
ஷூவின் முடிச்சுக்குக் குனிந்தால் சுற்றியது.
தலைகால் புரியவில்லை என்பார்களே,
அதில் கால் சரியாகத்தான் இருந்தது.
கால் தரையில் ஊன்றி நின்று
தரை அசையவில்லை என்றது.
காது, சுற்றுகிறாய் என்றது.
கண் காதை நம்பி ஓடியது.
மூன்று சாட்சி, இரண்டு கதை.
தீர்ப்புச் சொல்லத் தெரியாத மூளை
வழக்கை வயிற்றுக்கு அனுப்பிவிட்டது.

எனக்கே இது தெரியும் என்பதுதான் வெட்கம்.
காதின் ஆழத்தில் மூன்று வளைகுழாய்,
ஒன்று பார்க்கும் திசையை மற்றொன்று பார்க்காது.
உள்ளே நீர்.
தலை திரும்பினால் குழாய் திரும்பும்,
நீர் கொஞ்சம் தாமதமாக வரும்.
அந்தத் தாமதம் ஒரு கூழ்க்கதவைத் தள்ள,
கதவுக்குள் மயிரிழைகள் சாய,
திரும்பினோம் என்று தெரிகிறது.
பனியில் தட்டாமாலை சுற்றும் பிள்ளைகள்
நின்ற பிறகும் விழுவது
நீர் இன்னும் நிற்காததால்.

குழாய்களின் அடிவாரத்தில்
இன்னொரு கூழ்ப்படுக்கை,
அதன்மேல் தூவிய சுண்ணாம்புப் பொடிகள்.
கீழ் எது என்று சொல்வது அவற்றின் வேலை.
மீனுக்குக் கல், நமக்குப் பொடி.
என் பொடியில் கொஞ்சம்
இடம் பெயர்ந்து குழாய்க்குள் போய்விட்டது.
நான் அசையாமல் கிடக்க
அது விழுகிறது, நீரை இழுக்கிறது,
கதவு திறக்கிறது,
உலகம் கிளம்புகிறது.

பிசியோதெரபிஸ்ட் எய்லிஃப்
கை முழுக்க ஆரஞ்சுத் தோல் வாசனை.
என்ன வேலை என்று கேட்டான்.
சொன்னேன்.
சிரிப்பை அடக்க அவன் சன்னலைப் பார்க்க வேண்டியிருந்தது.

தலையை வலப்பக்கம் திருப்பிச்
சட்டென்று மல்லாக்கச் சாய்த்தான்.
கட்டில் விளிம்புக்கு வெளியே தலை தொங்க,
கண்ணை மூடாதே சுன்னிவா, என்றான்.
என் விழிகள் பம்பரமாய்த் துள்ளுவதை
மிக அருகில் குனிந்து
அவன் வாசித்துக்கொண்டிருந்தான்.
விளக்கின் கீழ் இருப்பது எப்படி என்று
அன்று தெரிந்தது.

பிறகு இடப்பக்கம். காத்திரு.
பிறகு மூக்கு தரையைப் பார்க்கப் புரள். காத்திரு.
பொம்மைக்குள் சிக்கிய பாசிமணியைக்
குழந்தை சாய்த்துச் சாய்த்து
வாய்க்குக் கொண்டுவருவதைப் போல.
எழுந்து உட்கார்ந்தேன்.
சுவர் சுவராக இருந்தது.

என் பொடியை எண்ணி வயது சொல்வாயா என்றேன்.
அதில் வளையம் கிடையாது, என்றான், வெறும் தூசு.
ஏனோ கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

இன்னும் இடப்பக்கமே படுக்கிறேன்.
வாளி கட்டிலடியில் இருக்கிறது.

வியாழன் அன்று முதல் கல்,
பாரன்ட்ஸ் கடலில் பிடித்தது.
தரையில்லை, அடிவானமில்லை, மாதக்கணக்கில் வெளிச்சமில்லை.
அந்த இருட்டில் நிமிர்ந்து நீந்த
இந்தக் கல் இருந்திருக்கிறது.
ஒன்பது என்று எழுதினேன்.
தலையை மெதுவாக, மிக மெதுவாகக் குனிந்து
மறுபடி எண்ணினேன்.
பத்து.